கர்னல் ஊரில் இல்லாத நாள்: அக்காம்பொங்கும் வேர்தேடும் பயணங்களும்

1

1935இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் மானிடவியல் மாணவி ஒருவர் ஜமைக்காத் தீவின் மேற்கு மலைகளுக்குள் இருக்கிற அக்காம்பொங் என்ற ஊருக்குப் போகிறார். பெயர் காத்தரின் டன்ஹம். அமெரிக்கக் கறுப்பினப் பெண், நடனக்காரர். கரீபியத் தீவுகளின் நடனங்களில் ஆப்பிரிக்கா எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று நேரில் பார்த்துவர ரோசன்வால்ட் நிதியத்தின் உதவித்தொகையோடு புறப்பட்டவர். ஜமைக்கா, மார்த்தினிக், டிரினிடாட், ஹைட்டி என்று நீண்ட அந்தப் பயணத்தில் அக்காம்பொங்கைக் குறிப்பாகத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் இருந்தது. அங்கே வாழ்கிறவர்கள் மரூன்கள். அதாவது அடிமைத்தனத்திலிருந்து தப்பி மலையேறிப் போய், இங்கிலாந்துப் படைகளோடு சண்டை போட்டு, தங்கள் சுதந்திரத்தை எழுத்தில் வாங்கியவர்களின் வம்சம். கரும்புத் தோட்டத்தின் சவுக்குக்கு எட்டாத தூரத்தில் இருந்தவர்களிடம் ஆப்பிரிக்கா பழுதுபடாமல் இருக்கும் என்பது எளிய தர்க்கம். டன்ஹமின் வழிகாட்டியான மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸும் அப்படித்தான் நினைத்தார்.

டன்ஹம் பார்க்க ஆசைப்பட்டது கொரொமன்டி போர் நடனத்தை. ஏறக்குறைய ஒரு மாதம் அந்த ஊரில் தங்குகிறார். ஊர்த்தலைவர் கர்னல் ரோ நல்ல மனிதர்தான், விருந்தோம்பலில் குறையில்லை. ஆனால் நடனம் மட்டும் நடக்கவில்லை. அதற்குப் பதிலாகக் குவாட்ரில் ஆடிக் காட்டுகிறார்கள். ஐரோப்பியத் துரைமார் வீட்டுக் கூடங்களில் ஜோடி ஜோடியாக ஆடிய நடனம் அது! ஆப்பிரிக்காவைத் தேடிக் கடல் தாண்டி, மலையேறி வந்த பெண்ணுக்கு ஐரோப்பா பரிமாறப்படுகிறது. கடைசியில், கிளம்ப வேண்டிய நாள் நெருங்கும்போது, கர்னல் வெளியூர் போயிருந்த சமயத்தில், கொட்டுச் சத்தம் கேட்டுப் போகிறார். அங்கே ஆடிக்கொண்டிருக்கிறார்கள். டன்ஹமும் சேர்ந்து ஆடுகிறார். இந்த அனுபவத்தை நாட்குறிப்பு வடிவில் எழுதி 1946இல் ‘அக்காம்பொங் பயணம்’ என்ற புத்தகமாக வெளியிட்டார்.

அடுத்த ஆண்டு, 1936இல், இன்னொரு கறுப்பினப் பெண் அதே ஊருக்கு வருகிறார். ஜோரா நீல் ஹர்ஸ்டன். நாவலாசிரியர், ஃபிரான்ஸ் போவாஸின் மாணவி, கையில் குகன்ஹைம் உதவித்தொகை. அதே கர்னல் ரோ. முன்னால் வந்துபோனவர்களைப் பற்றியும், நடனத்தால் ஊருக்குக் கிடைத்த பணத்தைப் பற்றியும் அவர் சொல்லி, உங்களுக்கும் ஒரு நடனம் ஏற்பாடு பண்ணலாமா என்று கேட்கிறார். ஹர்ஸ்டன் மரியாதையாக மறுத்துவிடுகிறார். ஏற்பாடு பண்ணிய நடனத்தில் ஏமாறுகிற ஆள் தான் இல்லை என்று 1938இல் வந்த தன் நூலில் கொஞ்சம் கிண்டலாகவே எழுதுகிறார். அவர் கேட்டது வேறு: காட்டுப்பன்றி வேட்டை. நாட்கணக்கில் காடு மேடெல்லாம் ஆண்களோடு நடந்து, பன்றியை அடித்து, அங்கேயே வாட்டித் தின்றுவிட்டுத் திரும்புகிறார்.

இந்த இரண்டு புத்தகங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது சட்டென்று எழுகிற கேள்வி, ‘உண்மையான’ அக்காம்பொங்கைப் பார்த்தது யார் என்பது. அந்தக் கேள்வியே தப்பு என்று எனக்குப் படுகிறது. மேடைக்கூத்தைக் கிண்டலடித்த ஹர்ஸ்டன், 1932இல் நியூயார்க்கில் பஹாமா நடனக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு ‘பெரும் நாள்’ என்ற நிகழ்ச்சியை மேடையேற்றியவர். டன்ஹமும் மார்த்தினிக்கில் பார்த்ததை 1938இல் சிகாகோவில் பாலேயாக்கினார். மேடை இரண்டு பேருக்கும் வெளியில் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி கர்னல் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. எதை, யாருக்கு, எப்போது காட்டுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் அந்த நாற்காலிக்கு எப்படி வந்தது? ஆப்பிரிக்க ‘மிச்சத்தின்’ காவலருக்கு எதற்கு இங்கிலாந்து ராணுவப் பட்டம்?

2

1655இல் இங்கிலாந்துக்காரர்கள் ஜமைக்காவை ஸ்பெயினிடமிருந்து பிடுங்கிக்கொண்டபோது, ஸ்பானியர்களின் அடிமைகள் பலர் மலைக்குள் போய்விட்டார்கள். அவர்களோடு பின்னால் தோட்டங்களிலிருந்து ஓடியவர்களும், கிளர்ச்சி செய்து தப்பியவர்களும் சேர்ந்தார்கள். மேற்கே காக்பிட் கன்ட்ரி என்ற சுண்ணாம்புக்கல் பிரதேசம். கிண்ணம் கிண்ணமாகப் பள்ளங்கள், செங்குத்தான குன்றுகள், குகைகள். அங்கே சிவப்புக்கோட்டுச் சிப்பாய் வரிசை கட்டி நடக்க முடியாது. மாட்டுக்கொம்பில் துளையிட்டு ஊதும் ‘அபெங்’ ஒலியை வைத்து மரூன்கள் குன்றுக்குக் குன்று செய்தி அனுப்பினார்கள். எதிரிக்கு அது வெறும் கொம்புச் சத்தம். மேற்கே தலைவர் கட்ஜோ. கிழக்கு மலைகளில் குவாவோ, நானி என்ற பெண் தலைவர். 1720களின் இறுதியிலிருந்து பத்தாண்டுக்கு மேல் நடந்த போரில் தோட்ட முதலாளிகளுக்குப் பணமும் ஆளும் விரயமானதுதான் மிச்சம்.

1739 மார்ச் 1ஆம் தேதி கட்ஜோவுக்கும் இங்கிலாந்துத் தரப்பில் ஜான் கத்ரிக்கும் இடையே ஒப்பந்தம் ஆனது. கட்ஜோவுக்கும் அவருடைய ஆட்களுக்கும் நிரந்தர விடுதலை. 1,500 ஏக்கர் நிலம். வேட்டையாடலாம், விளைந்ததைச் சந்தையில் விற்கலாம். மரண தண்டனை தவிர மற்றத் தண்டனைகளைத் தங்கள் ஆட்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொள்ளலாம். கட்ஜோவுக்குப் பிறகு தலைமை அக்காம்பொங்குக்கு; அவருடைய பெயர்தான் ஊருக்கு. ஒரு வல்லரசு, தான் பண்டமாக வாங்கி விற்றுக்கொண்டிருந்த மனிதர்களில் ஒரு பகுதியினரை மனிதர்களாக ஏற்றுக் கையெழுத்துப் போடுகிறது. இதைச் சின்ன விஷயமாகச் சொல்லிவிட முடியாது. பாரம்பரியம் தேடிப் போகிற பயணிகள் கேட்கிற கதை பொதுவாக இந்த இடத்தில் நிறைவடைகிறது.

ஒப்பந்தத்தில் வேறு ஷரத்துகளும் உண்டு. இனிமேல் ஓடிவரும் அடிமைகளை மரூன்கள் பிடித்துத் திருப்பி ஒப்படைக்க வேண்டும்; அதற்குச் சன்மானம் உண்டு. எங்கே கிளர்ச்சி நடந்தாலும் அரசின் பக்கம் நின்று அடக்க வேண்டும். மரூன் ஊரில் வெள்ளைக்காரர் இருவர் நிரந்தரமாக வசிப்பார்கள்.

அப்போது ஜமைக்காவில் சுமார் ஒரு லட்சம் அடிமைகள் இருந்தார்கள். மரூன்கள் சில நூறு பேர். ஒப்பந்தத்துக்கு முன்னால், தோட்டத்தில் வெட்டுப்பட்டு நிற்கும் ஒருவனுக்கு மலை என்பது ஒரு திசை. ராத்திரியில் எழுந்து அந்தப் பக்கமாக நடந்தால் எங்கேயாவது போய்ச் சேரலாம். ஒப்பந்தம் அந்தத் திசையை அடைத்தது. எண்பது ஆண்டுகள் சண்டை போட்டும் இங்கிலாந்துக்காரர்களால் கட்ட முடியாத வேலியை, விடுதலை பெற்ற மனிதர்களை வைத்தே கட்டிவிட்டார்கள். சிலருடைய சுதந்திரம் பலருடைய அடிமைத்தனத்துக்குக் காவலானது.

அபெங் கொம்பை இன்று ஆப்பிரிக்க எதிர்ப்பின் சின்னம் என்கிறோம். அந்தப் பெயரே கொம்பைக் குறிக்கும் அக்கான் மொழிச் சொல்தான். சரி. 1740இல் ஒரு ராத்திரி தோட்டத்திலிருந்து ஓடிவந்து புதருக்குள் பதுங்கிக் கிடக்கும் ஒருத்தியின் காதில் அதே கொம்புச் சத்தம் எப்படி விழுந்திருக்கும்?

3

ஒப்பந்தம் வெறும் தாளாக இருந்துவிடவில்லை. 1760இல் டாக்கி என்பவரின் தலைமையில் பெரும் கிளர்ச்சி எழுந்தது. அதை அடக்க மரூன்கள் வந்தார்கள். டாக்கியைச் சுட்டுக் கொன்றது டேவி என்ற மரூன் வீரர். 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் சாம் ஷார்ப்பின் தலைமையில் அடிமைகள் வேலையை நிறுத்தினார்கள், தோட்டங்கள் எரிந்தன. அதை அடக்குவதிலும் மரூன்கள் பயன்பட்டார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1834இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது தீவில் சுமார் 3,11,000 அடிமைகள் இருந்தார்கள். அதன் பிறகும் கதை நிற்கவில்லை. 1865இல் மொரன்ட் பேயில் நிலத்துக்கும் நீதிக்கும் எழுந்த ஏழை விவசாயிகளின் தலைவர் பால் போகிளைப் பிடித்துக் கொடுத்தவர்கள் கிழக்குப் பகுதி மரூன்கள். மறுநாள் அவரைத் தூக்கில் போட்டார்கள்.

இன்று ஜமைக்காவின் தேசிய வீரர்கள் பட்டியலில் நானி இருக்கிறார், சாம் ஷார்ப் இருக்கிறார், பால் போகிளும் இருக்கிறார். மரூன் தலைவியையும், மரூன்கள் யாரை அடக்கப் போனார்களோ அவர்களையும் தேசம் ஒரே மாலையில் கோத்துவிட்டது. தேசம் என்கிற கதையாடல் இப்படித்தான் வேலை செய்கிறது. பிளவுகளைச் சமன் செய்து வரிசையாகச் சிலை வைத்துவிட்டால், எதிர்ப்பு என்பது ஆரம்பத்திலிருந்து ஒரே ஆறாக ஓடிவந்த மாதிரி ஒரு தோற்றம் வந்துவிடுகிறது.

அதற்காக மரூன்கள் அரசின் செல்லப்பிள்ளைகளாகச் சுகமாக வாழ்ந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1795இல் ட்ரெலானி டவுன் மரூன்கள் இருவரைப் பன்றி திருடினார்கள் என்று சொல்லி மான்டேகோ பேயில் சவுக்கால் அடித்தார்கள். அடித்தவன், முன்னர் மரூன்களே பிடித்து ஒப்படைத்த ஓர் அடிமை. அடியை விட இந்த அவமானம்தான் பொறுக்க முடியாததாக இருந்தது. போர் மூண்டது. கியூபாவிலிருந்து வேட்டை நாய்களைக் கப்பலில் இறக்கினார்கள். சரணடைந்தால் நாடு கடத்த மாட்டோம் என்று தளபதி வால்போல் வாக்குக் கொடுத்தார். கவர்னர் பால்கரஸ் அதை மீறினார். 1796இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ட்ரெலானி மரூன்கள் கனடாவின் குளிருக்குள், நோவா ஸ்கோஷியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். இந்தப் போரில் அக்காம்பொங் எந்தப் பக்கம்? அரசின் பக்கம். அதனால்தான் அந்த ஊர் மிஞ்சியது. அதனால்தான் 1935இல் டன்ஹம் போய்ப் பார்க்க ஓர் அக்காம்பொங் இருந்தது. ‘பழுதுபடாத ஆப்பிரிக்கா’ எப்படித் தப்பிப் பிழைத்தது என்று கேட்டால் வரலாறு தருகிற பதில் இதுதான். கேட்க அவ்வளவு இனிமையாக இல்லை.

4

இங்கே ‘துரோகம்’ என்ற சொல் நம் நாக்கு நுனியில் வந்து நிற்கும். அதைக் கொஞ்சம் நிறுத்திவைக்கலாம். துரோகம் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் ‘தம்மவர்’ என்ற ஒன்று இருந்திருக்க வேண்டும். 1739இல் ‘கறுப்பர்’ என்பது யாருடைய பெயர்? வாங்குகிறவன் கணக்குப் புத்தகத்தில் போட்ட பெயர். கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் இக்போ, அக்கான், காங்கோ என்று வெவ்வேறு மொழி, வெவ்வேறு தெய்வம், சில நேரம் வெவ்வேறு பகை கொண்டவர்கள். ‘நாமெல்லாம் ஒன்று’ என்பது அவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்த பொருளில்லை. தோட்டத்தில், சங்கிலியில், கிளர்ச்சிகளின் தோல்வியில் மெல்ல மெல்ல உருவான ஒன்று.

டன்ஹம் தேடிய ‘கொரொமன்டி’ என்ற சொல்லையே பாருங்கள். அசல் ஆப்பிரிக்கப் பெயர் மாதிரித்தான் ஒலிக்கிறது. ஆனால் இது ஆப்பிரிக்காவில் எந்த இனத்தாரும் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் இல்லை. இன்றைய கானாவின் கடற்கரையில் கொர்மன்டின் என்ற இடத்தில் இங்கிலாந்துக்காரர்கள் கோட்டை கட்டி வியாபாரம் பண்ணினார்கள். அந்தக் கடற்கரை வழியாகக் கப்பலேறியவர்களுக்கு, பெரும்பாலும் அக்கான் மொழி பேசியவர்களுக்கு, வியாபாரிகள் ஒட்டிய சீட்டு ‘கொரொமன்டி’. ஒட்டப்பட்டவர்கள் அந்தச் சீட்டையே எடுத்துத் தங்கள் வீரத்தின் பெயராக்கினார்கள். சத்தியத்தின், ரகசிய மொழியின், நடனத்தின் பெயராக்கினார்கள். 1760இல் கிளர்ச்சி செய்த டாக்கியும் கொரொமன்டி. அவரை வேட்டையாடிய மரூன்களும் தங்களைக் கொரொமன்டி வழி என்றே சொல்லிக்கொண்டவர்கள். ஒரே ‘ஆப்பிரிக்கா’ துப்பாக்கியின் இரு பக்கமும் நிற்கிறது.

ஹெர்ஸ்கோவிட்ஸ் 1941இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், அமெரிக்கக் கறுப்பருக்கு வரலாறே இல்லை என்ற இனவாதக் கதையை உடைக்க, ஆப்பிரிக்க மிச்சங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். அன்றைக்கு அது தேவையான காரியம். ஆனால் ‘மிச்சம்’ என்ற உருவகத்தில் ஒரு சிக்கல் உண்டு. மிச்சம் என்றால் ஒரு முழுமை எங்கோ இருந்தது, அது தேய்ந்து தேய்ந்து இவ்வளவு ஆகிவிட்டது என்று ஆகிறது. தேய்மானத்தை அளக்கிற ஆள் வெளியிலிருந்து வருகிறார். தராசு அவர் கையில். சிட்னி மின்ட்ஸும் ரிச்சர்ட் பிரைஸும் 1976இல் இதைத் திருப்பிப் போட்டார்கள். அடிமைகள் கொண்டுவந்தது முழுப் பண்பாடுகளை இல்லை, அவற்றின் அடியில் கிடந்த சில இலக்கணங்களை; அவற்றைக் கொண்டு புதிய மண்ணில் புதியதாகச் செய்தார்கள் என்றார்கள். கிங்ஸ்டனில் பிறந்த ஸ்டூவர்ட் ஹால் 1990இல் எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி போகிறது: அடையாளம் திரும்பிப் போய் எடுத்துக்கொள்ளக் காத்திருக்கிற பொருள் இல்லை, கடந்தகாலத்தின் கதைகளுக்குள் நாம் எங்கே நிற்கிறோம், எங்கே நிறுத்தப்படுகிறோம் என்பதே அடையாளம்.

இதையெல்லாம் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் ‘அடையாளம் என்பது ஆகிக்கொண்டிருப்பது’ என்று சொல்லிவிட்டு வசதியாக எழுந்து போய்விடவும் முடியாது. மரூன்கள் தங்களைத் தனி மக்களாகக் கருதினார்கள், ஆகவே தோட்டத்து அடிமை அவர்களுக்கு அந்நியன் என்று விளக்கம் சொல்லலாம். விளக்கம் சரிதான். என்றாலும் பிடிபட்டுத் திரும்பக் கொண்டுபோகப்பட்டவனுக்குப் பிடித்தவனின் முகம் தெரியும், சில சமயம் மொழியும் புரியும். அவனுக்கு நம் விளக்கத்தால் என்ன பிரயோஜனம்? எதிர்ப்பு என்ற சொல்லை நாம் ரொம்பத் தாராளமாகச் செலவழித்துக்கொண்டிருக்கிறோம். அதிகாரத்துக்கு எதிராக ஓர் இடத்தைப் பிடித்துவைப்பதும், அந்த இடத்தைக் காப்பாற்ற அதே அதிகாரத்தோடு கணக்குத் தீர்ப்பதும் ஒரே வரலாற்றில் ஒரே ஆட்களுக்கு நடக்கும். இரண்டையும் சேர்த்துச் சுமக்கத் தெரியாத பாரம்பரியப் பெருமிதம் குவாட்ரில் நடனம்தான், விருந்தாளிக்காக ஆடுவது.

5

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 6ஆம் தேதி, கட்ஜோவின் பிறந்தநாள் என்று, அக்காம்பொங்கில் விழா. அபெங் ஊதுகிறார்கள். ‘கிண்டா’ என்ற மாமரத்தடியில் கூடுகிறார்கள். எல்லோரும் ஒரே குடும்பம் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். உப்பில்லாமல் சமைத்த ஆண்பன்றி இறைச்சி முன்னோருக்குப் படைக்கப்படுகிறது. ஒப்பந்தம் ஆனதாகச் சொல்லப்படும் குகைக்குப் போகிறார்கள். தீவுக்குள்ளிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கில் கூட்டம் வருகிறது. கிழக்கே மூர் டவுன் மரூன்களின் பாரம்பரியத்தை 2003இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் தலைசிறந்த படைப்புகளில் ஒன்றாக அறிவித்தது. வேர்தேடும் பயணம் இப்போது ஒரு தொழிலாகவும் ஆகிவிட்டது.

மரூன்களின் வாய்மொழி மரபில் ஒப்பந்தக் கதை வேறு மாதிரி இருக்கிறது. தாளில் போட்ட கையெழுத்து அங்கே பிரதானமில்லை. இரு தரப்பும் ரத்தம் எடுத்துக் கலந்து குடித்துச் சத்தியம் செய்தார்கள் என்பதே கதை. மரூன்களிடையே நீண்டகாலம் ஆய்வு செய்த கென்னத் பில்பி இதை விரிவாக எழுதியிருக்கிறார். காலனியத்துக்கு அது நிர்வாக ஏற்பாடு, இவர்களுக்கு அது மீற முடியாத சத்தியம். ஓடிவந்தவர்களைத் திருப்பிக் கொடுத்ததும் அந்தச் சத்தியத்தின் பகுதிதான். ஒரு தரப்பு அதை வால்போலின் வாக்கு மாதிரி எத்தனை தடவை மீறினாலும் மறு தரப்பு அதை விடுவதற்கில்லை.

விட முடியாததற்கு உலகியல் காரணமும் உண்டு. அந்த மக்களின் நில உரிமைக்கு ஆதாரம் அந்த ஒப்பந்தம்தான். காக்பிட் கன்ட்ரியின் மண்ணுக்கடியில் பாக்சைட் கிடக்கிறது. 2017இல் அரசு பாதுகாக்கப்படும் பகுதியின் எல்லையை அறிவித்தபோது, எது உள்ளே, எது வெளியே என்பது பெரிய சர்ச்சையானது. சுதந்திர ஜமைக்காவின் அரசு, தீவுக்குள் இன்னொரு இறையாண்மை கிடையாது என்கிறது. மரூன்கள் 1739ஐக் காட்டுகிறார்கள். அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கச் சொன்ன அதே தாள், இன்று சுரங்கக் கம்பெனிக்கு முன்னால் நீட்ட அவர்கள் கையில் இருக்கிற ஒரே தாள். முன்னோர்களுடைய குற்றத்தைச் சுட்டிக்காட்டி இந்த உரிமையைப் பறிப்பது அநியாயம். உரிமைக்காக அந்தக் குற்றத்தை மறைப்பதும் இன்னொரு அநியாயம். பாரம்பரியம் என்று எதையாவது சொல்வதானால் இந்த முடிச்சைத்தான் சொல்ல வேண்டும்.

இனி கர்னல் ஊரில் இல்லாத அந்த நாளுக்குத் திரும்பலாம். டன்ஹம் கடைசியில் ‘அசலை’ப் பார்த்துவிட்டார் என்று அந்த இடத்தைப் படிப்பது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஊரிலேயே இரண்டு அதிகாரங்கள் இருந்ததை அது காட்டுகிறது. ஒன்று ஒப்பந்தத்திலிருந்து வந்தது. வெளியாருக்குக் கதவு திறப்பதும் மூடுவதும் அதன் வேலை. இன்னொன்று ஆடுகிறவர்களின் உடம்பில் இருப்பது. அதற்குப் பார்வையாளர் தேவையில்லை. ஒரு மாதம் அந்த நடனம் டன்ஹமுக்குக் கிடைக்காமல் போனது அந்த ஊரின் குறையில்லை. மறுக்கும் உரிமையையும் சேர்த்துத்தான் அவர்கள் காப்பாற்றி வைத்திருந்தார்கள். டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்குள்ளாவது போனவர்களுக்கு இது விளங்கும். நடனத்துக்கு வேண்டாம் என்று சொன்ன ஹர்ஸ்டனும் தெரிந்தோ தெரியாமலோ இந்த உரிமையை மதித்தார் என்றே சொல்வேன்.

நோவா ஸ்கோஷியாவுக்கு அனுப்பப்பட்ட மரூன்கள் கதையில் பாக்கி ஒன்று இருக்கிறது. குளிர் தாங்காமல் மனு மேல் மனு போட்டு, 1800இல் அவர்கள் ஆப்பிரிக்காவிலேயே, சியரா லியோனின் ஃபிரீடவுனில் கொண்டுபோய் இறக்கப்பட்டார்கள். எல்லா வேர்தேடிகளும் கனவு காணும் திரும்புதல்! அவர்கள் இறங்கிய நேரத்தில், அங்கே முன்பே குடியேறியிருந்த முன்னாள் அடிமைகள் வரிக்கும் கம்பெனி ஆட்சிக்கும் எதிராகக் கிளர்ந்திருந்தார்கள். ஆப்பிரிக்க மண்ணில் கால் வைத்ததும் மரூன்கள் பார்த்த முதல் வேலை அந்தக் கிளர்ச்சியை அடக்கியது.

அவர்கள் இறங்கும்போது கையில் சதுரச் சட்டத்தில் தோல் கட்டிய ஒரு கொட்டும் இருந்தது. ஜமைக்காவில் உருவான கும்பே. ஃபிரீடவுனிலிருந்து அது மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் நாடு நாடாகப் பரவியது. இன்று அங்கே பல ஊர்களில் அதைத் தங்கள் கொட்டாகவே வாசிக்கிறார்கள், அதன் பெயரில் ஆடுகிறார்கள். ஆப்பிரிக்காவைத் தேடிக் கரீபியத் தீவுக்குப் போகிறவர்கள் இதையும் யோசித்துக்கொண்டு போகலாம். அந்தக் கொட்டும், அதைக் கொண்டுபோன கைகளில் இருந்த துப்பாக்கியும் ஒரே கப்பலில்தான் போயின.